இளநிலை மாணவரும் ஆய்வரங்கமும்

ஆய்வு என்பது முனைவர் பட்டம் நாடுவோர்க்கே உரியது. இளநிலை மாணவர் பாடத்தைக் கற்று ஒப்பித்தால் போதும் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அமெரிக்காவின் மாஸசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1969-இலேயே இளநிலை மாணவரைப் பேராசிரியரின் ஆய்வுகளில் பங்குபெறச் செய்தது. 1987-இல் வட கரோலினாவின் ஆஷ்வில் நகரப் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர்க்கான தேசிய ஆய்வு மாநாடு முதன்முதலாகக் கூடியது.

இத்தகைய அரங்குகளில் சிலர் கட்டுரை வாசிப்பர்; சிலர் தம் முடிவுகளை விளக்கப்படமாக்கி, அதனருகே நின்று வருவோர்க்கு எடுத்துரைப்பர். உரைக்குக் கிடைப்பவை சில நிமிடங்களே. அதன்பின் எழும் வினாக்களே உண்மையான தேர்வு. இதற்குச் சான்று யாது என ஒருவர் வினவும்போது, மனனம் செய்தது எது, தேடிக் கண்டது எது என்பது வெளிப்பட்டுவிடும்.

இம்முறை நம் மரபுக்கு அயலானதன்று. ஹதீஸ் கலை வல்லுநர் செய்தியை மட்டுமன்றி, அதனைக் கொணர்ந்த அறிவிப்பாளர் வரிசையான இஸ்னாதையும் ஆராய்ந்தனர். ஃபிக்ஹு பயின்றோர் முனாளரா என்னும் வாத அவையில் எதிர்வினாக்களுக்கு விடையிறுத்துத் தம் கருத்தை நிலைநாட்டப் பழகினர். அறியாதோர் அறிந்தோரை வினவ வேண்டும் எனத் திருமறையும் (16:43) பணிக்கின்றது.

ஆயினும், இன்று நம் மாணவருள் பலர் ஆசிரியரை வினவுவது அதபுக்கு மாறானது எனக் கருதி வாய்மூடியிருக்கின்றனர். பணிவு வேறு, மௌனம் வேறு. காயல்பட்டினம், கீழக்கரை ஆகிய ஊர்களின் அரபுத்தமிழ் நூல்களுள் ஒன்றையேனும் ஒரு மாணவர் தாமே பயின்று, அவைமுன் விளக்கி, வினாக்களுக்கு விடை பகர்வாராயின், கல்வி அவருக்குச் சொந்தமாகும். அத்தகைய அவையை அமைத்துத் தருதல் ஆசிரியராகிய நம் கடமையாகும்.