‘ஃபைன்’ என்னும் ஆங்கிலப் பெயரடை: கோலார் தங்கவயலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் ‘ஃபைன்’ என்னும் பெயரடைக்கு ‘நல்ல, தூய, நுண்ணிய, மெல்லிய’ எனப் பல பொருள்கள் உண்டு. இவற்றுள் எது பொருந்தும் என்பதை அது அடைகொள்ளும் பெயரே உறுதி செய்கிறது. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தாரின் மேலாண்மையில் இருந்த கோலார் தங்கவயலில் நிருவாகம் ஆங்கிலத்தில் நடந்தது. தொழிலாளருள் பெரும்பாலோர் தமிழர். எனவே இச்சொல்லின் பொருள்வேறுபாட்டை ஆராய அஃது ஏற்ற களமாகும்.

இதன் மூலம் ‘எல்லை, முடிவு’ எனப் பொருள்படும் ‘ஃபீனிஸ்’ என்னும் இலத்தீன் சொல். பழைய பிரெஞ்சில் ‘ஃபின்’ என்றாகி, முடிவுவரை செம்மை செய்யப்பட்டதைக் குறித்தது. அதிலிருந்து தூய்மை, சிறப்பு ஆகிய பொருள்களும், நுட்ப வேலைப்பாட்டின் வழியே நுண்மைப் பொருளும் கிளைத்தன. தண்டத்தொகையைக் குறிக்கும் ‘ஃபைன்’ என்னும் பெயர்ச்சொல்லுக்கும் வேர் இதுவே. வழக்கை முடிக்கச் செலுத்தும் தொகை என்பது அதன் பழம்பொருள். எனினும் இன்றைய வழக்கில் இவை இருவேறு சொற்களே. தமிழ்ப் பேச்சுவழக்கில் ‘ஃபைன் கட்டினான்’ எனப் பெயர்ச்சொல்லே வேரூன்றியுள்ளது.

பொன்னோடு வருங்கால் இப்பெயரடை அளவைச்சொல் ஆகிறது. ஆயிரத்திற்குத் தொள்ளாயிரம் பங்கு தூய்மையுடைய 100 அவுன்சுக் கட்டியில் ‘ஃபைன்’ பொன் 90 அவுன்சு மட்டுமே. இதனை ‘நல்ல தங்கம்’ எனப் பெயர்த்தால் கணக்கே பிழைபடும். ‘தூய பொன்’ என்பதே பொருந்தும். இத்தூய்மையளவைத் தமிழர் ‘மாற்று’ என்றனர். ஆங்கிலச் சொல் செம்மையாக்கத்தின் முடிவைச் சுட்ட, தமிழ்ச்சொல் உரைகல்லின் சோதனையை நினைவூட்டுகிறது.

தூசியோடு வருங்காலோ பிழை உயிர்க்கேடு விளைக்கும். கோலாரின் பொன் படிகக்கல் நரம்புகளில் கிடைத்தது. பாறையைத் துளைக்கும்போதும் வெடிவைக்கும்போதும் சிலிக்காத் தூசி எழுந்தது. கண்ணுக்குத் தெரியும் பருந்தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். ஒரு மில்லிமீட்டரின் நூற்றிலொரு பங்கினும் சிறிய துகளே நுரையீரலின் ஆழத்தை அடைந்து சிலிக்கோசிஸ் நோயை உண்டாக்கும். ஆகவே ‘ஃபைன்’ தூசியை ‘மெல்லிய தூசி’ என்றோ ‘லேசான தூசி’ என்றோ பெயர்ப்பது தவறு. ஆங்கிலத்தில் அச்சொல் துகளின் பருமனைச் சுட்டுகிறது. ‘லேசான’ என்பதோ தமிழில் அளவின் குறைவையும் பாதிப்பின் சிறுமையையும் சுட்டும். எச்சரிக்கை ஆறுதலாக மாறிவிடும். ‘நுண்தூசி’ என்பதே சரியான சொல்; பொதுமக்களுக்கான அறிவிப்பாயின் ‘கண்ணுக்குத் தெரியாத தூசி’ எனல் இன்னும் தெளிவு.

இதனால் பெறப்படுவது: பெயரடையைத் தனித்து நிறுத்தி நிகரன் தேடுதல் பயன்தராது; அஃது எதனை அளக்கிறது என்று முதலில் வினவ வேண்டும். பொன்னில் அது தூய்மையை அளந்தது. தூசியில் பருமனை அளந்தது. 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயினும் கல்லுடைப்பு, மணற்கல் செதுக்கல் முதலிய தொழில்களில் சிலிக்கா நுண்தூசி இன்றும் எழுகிறது. அத்தொழிலாளர்க்கான எச்சரிக்கைகளை மொழிபெயர்ப்போர்க்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது.