பழைய லேப்டாப்புக்கு ஒயரா, ஒயர்லெஸ்ஸா?

வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், அது வெளிமாநிலம்! நம் காரைக்கால் வியாபாரிகளுக்கு இது புதிதல்ல. ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் போகும் வரிச் சரக்கு ரூ.50,000-க்கு மேற்பட்டால் இ-வே பில் கட்டாயம் என்று 2018 ஏப்ரல் 1 முதல் ஆன பின், கூப்பிடு தூரத்து நாகூர் கடைக்கு எண்ணெய் டின் லோடு அனுப்பவும் அது வேண்டியிருக்கிறது. (தொலைவிலுள்ள புதுச்சேரிக்கு விற்றால் அது உள்மாநில விற்பனையாம்! வேடிக்கைதான்.) வேன் வாசலில் நிற்க, கல்லா மேசையில் பழைய லேப்டாப் நெட் கிடைக்காமல் திணறினால் கடைக்காரர் படும் பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ?

உடனே புது லேப்டாப் வாங்கக் கிளம்ப வேண்டாம். பழைய மாடல்கள் சிலவற்றில் ஒயர்லெஸ்ஸுக்கென்று ஓரத்தில் சிறு சுவிட்ச் இருக்கும். பையில் வைத்து எடுக்கும்போது அது தள்ளப்பட்டுவிடும். முதலில் அதைப் பாருங்கள். அப்படியே, லேன் கேபிள் செருகும் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். பழையவற்றில் பெரும்பாலும் இருக்கும். இருந்தால் கார்டே வாங்க வேண்டாம், கேபிள் மட்டும் போதும். இல்லாவிட்டால் யு.எஸ்.பி.யில் செருகும் லேன் அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

பில்லிங் மேசைக்கு எமது கட்சி கேபிள்தான். இ-வே பில் போட அதிவேகம் தேவையில்லை, அறுந்து போகாத இணைப்புதான் தேவை. மளிகைக் கடையில் இரும்பு ஷட்டர், இரும்பு ரேக், அடுக்கிய டின்கள் எல்லாம் ஒயர்லெஸ் அலையைத் தடுப்பவை. காலையில் நன்றாக இருந்த சிக்னல், மதியம் புது ஸ்டாக் இறங்கியதும் தொலைந்துபோவது இதனால்தான். இரண்டு கம்ப்யூட்டரில் ஒரே கணக்கைப் பகிர்ந்து எழுதுவோர் ஒயர்லெஸ்ஸை நம்பவே கூடாது. பாதியில் இணைப்பு அறுந்தால் கணக்குக் கோப்பே கெடலாம்.

கேபிளுக்கும் எதிரிகள் உண்டு. முதல் எதிரி எலி! பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு உயரத்தில் கொண்டுபோக வேண்டும். அடுத்தது நம் உப்புக் காற்று. முனையிலுள்ள தகடுகள் களிம்பேறும். உதிரியாக ஒரு கேபிள் வைத்திருப்பது நல்லது. நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு குடோனில் ஸ்டாக் எடுப்பவருக்கு ஒயர்லெஸ்தான் வசதி. வாங்கும்போது யு.எஸ்.பி. வகையையே கேளுங்கள். உள்ளே பொருத்தும் கார்டைச் சில பழைய லேப்டாப்புகள் ஏற்பதில்லை. பக்கவாட்டில் செருகும் பழைய கார்டு மலிவாக வந்தாலும் வேண்டாம். 11 மெகாபிட் காலத்துக் கார்டுகளில் பல, இன்றைய ரவுட்டர் கேட்கும் பூட்டுமுறையை அறியாதவை. அதற்காக ரவுட்டரின் பூட்டைத் தளர்த்தினால் உங்கள் கணக்கு தெருவில் கிடக்கும். கார்டுக்கான டிரைவர் உங்கள் விண்டோஸில் ஓடுமா என்று கடையிலேயே செருகிப் பார்த்த பின் பணம் கொடுங்கள்.

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் நிறுவனத்தின் பொது ஆதரவு முடிந்துவிட்டது. எந்தக் கார்டு போட்டாலும் அந்தக் குறை தீராது. பேங்க் வேலையை அதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் மின்னல் வேகம் கேபிள் வழியாகவும் உள்ளே வரும். கடை அடைக்கும்போது பவர் பிளக்கோடு லேன் கேபிளையும் பிடுங்கிவிட்டுப் பூட்டுங்கள்.