சோர்வுக்குக் காரணம் உணவா, சுரப்பியா?

தலைவலி, தோல் அரிப்பு, நாள்முழுதும் சோர்வு ஆகியவை உங்களை வருத்துகின்றனவா? உணவில் இயற்கையாகவே உள்ள சாலிசிலேட், அமைன், குளூட்டமேட் என்னும் வேதிப்பொருள்கள் சிலருடைய சரீரத்திற்கு ஒத்துக்கொள்வதில்லை. மசாலாப் பொருள்களிலும் தேநீரிலும் சாலிசிலேட் உண்டு. தக்காளியிலும் அஜினமோட்டோவிலும் குளூட்டமேட் உண்டு. இது ஒவ்வாமை அன்று. உண்ணும் அளவு கூடக்கூடத் தொல்லையும் கூடும்.

ஆயினும் நீங்காத சோர்வை உணவின்மேல் மட்டும் சுமத்திவிடாதிருங்கள். தைராய்டு சுரப்பு குன்றினாலும் சோர்வும் மலச்சிக்கலும் உண்டாகும், எடையும் கூடும். டி.எஸ்.எச். என்னும் இரத்தப் பரிசோதனை அதைக் கண்டறிய உதவும். அட்ரீனல் சுரப்பி செயலிழந்தாலோ எடை குறையும், தோல் கருக்கும், உப்பின்மேல் வேட்கை எழும். 1855ஆம் ஆண்டில் இந்நோயை விவரித்தவர் தாமஸ் அடிசன் என்னும் ஆங்கில மருத்துவர். நம் தேசத்தில் காசநோயும் இதற்கு ஒரு காரணம். பத்தியம் இதைக் குணமாக்காது; மருந்தே வேண்டும்.

ஆகையால் முதலாவது பரிசோதனை, பின்பு பத்தியம். அதையும் உணவியல் வல்லுநரின் ஆலோசனையோடு சில வாரங்கள் காத்து, விலக்கியவற்றை ஒவ்வொன்றாய்த் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். தைராய்டு மாத்திரையை வெறும்வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, காப்பிக்கு அரைமணி நேரமாவது பொறுத்திருங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்வோரில் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். ஆதலால் உபவாச நாளிலும் அம்மாத்திரையைத் திடீரென நிறுத்தலாகாது. அது உயிருக்கே ஆபத்தாகலாம். உபவாசத்திற்கு முன்னதாகவே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.