உங்களுக்குத் தெரியுமா? மனிதக் கருவின் ஸ்டெம் செல்லை முதலில் பிரித்தெடுத்தவர் ஓர் இலங்கையர்

பிழைப்புக்காகக் கடல் கடப்பது தமிழ்நாட்டின் லப்பைக்குடிக்காட்டு வீடுகளுக்குப் பழகிய செய்தி. இலங்கையில் பிறந்த ஆரிஃப் போங்சோவும் அப்படிக் கடல் கடந்தவர்தான். பேராதனையில் படித்தது கால்நடை மருத்துவம். கனடாவில் முனைவர் பட்டம் பெற்று, பிறகு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் சோதனைக்குழாய்க் குழந்தை ஆராய்ச்சிக்கு வந்தார்.

கருவுற்ற முட்டை ஐந்தாம் நாளில் ஏறத்தாழ நூறு செல்கள் கொண்ட நுண்ணிய பந்தாகிவிடும். அதன் வெளிச்சுவர் நஞ்சுக்கொடியாக மாறும். உள்ளே ஒரு பக்கமாக ஒட்டியிருக்கும் சிறு கொத்திலிருந்துதான் மூளை, இதயம், எலும்பு என உடல் முழுவதும் உருவாகிறது. அக்காலத்தில் ஆய்வுக்கூடத்தில் கருவை ஐந்து நாள் வரை வளர்ப்பதே பெரும்பாடு. கருக்குழாயின் உட்சுவர்ச் செல்களோடு சேர்த்து வளர்த்து அதைச் சாதித்தார் போங்சோ. 1994இல் அந்த உட்கொத்தைப் பிரித்தெடுத்து, எவ்வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லின் குணங்கள் அதில் இருப்பதைக் காட்டினார். ஆனால் அச்செல்கள் நெடுநாள் அப்படியே நிலைக்கவில்லை. வேறு வகைச் செல்களாக மாறிவிட்டன. தொடர்ந்து பெருகும் செல் வரிசையை 1998இல் உருவாக்கியவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் தாம்சன். உலகம் அவர் பெயரையே அதிகம் சொல்கிறது; போங்சோவின் பெயரும் நம் பாடநூல்களில் இடம்பெற வேண்டும்.

தாம்சனின் செல்கள் எலியின் செல்கள் மீது வளர்ந்தவை. எலியிடமிருந்து நோய்க்கிருமிகள் தொற்றும் அபாயம் இருந்ததால் அவற்றைச் சிகிச்சையாக நோயாளிக்குச் செலுத்தத் தயக்கம் இருந்தது. 2002இல் போங்சோவின் குழு மனிதச் செல்களின் மீதே ஸ்டெம் செல்களை வளர்த்துக் காட்டியது.