புயலில் கூரை போனால் இன்சூரன்ஸ் வருமா? கடலூர், சிதம்பரம் வீட்டுக்காரங்க தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள்

"தம்பி, மாடியில போட்ட ஷீட்டு நாலும் பறந்துடுச்சுப்பா. பக்கத்து வீட்டுத் தென்னை நம்ம ஓட்டு மேல சாஞ்சு கிடக்கு."

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் கடலூர், சிதம்பரம் பிள்ளைகளுக்கு, புயல் கரையைக் கடந்த மறுநாள் காலை ஊரிலிருந்து வரும் போன் இப்படித்தான் இருக்கும். அடுத்த கேள்வியும் தெரிந்ததுதான்: "லோன் போடும்போது பேங்க்ல இன்சூரன்ஸ் எடுத்தோமே, அதுல ஏதாவது வருமா?"

பெரும்பாலும் வராது. வீட்டுக் கடனோடு சேர்த்து விற்கப்படும் பாலிசிகளில் பல, கடன் வாங்கியவரின் உயிருக்கானவை. அவர் இறந்துவிட்டால் மீதிக் கடனை அது கட்டும். ஓடு பறந்தால் ஒரு ரூபாய்கூடத் தராது. வீட்டுக் கட்டடத்துக்கான பாலிசி தனி. சில வங்கிகள் அதையும் எடுக்க வைத்திருக்கும். அதனால முதல் வேலை, லோன் ஃபைலைத் திறந்து எந்தப் பேப்பர் எதற்கானது என்று பார்ப்பது.

இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் புயல் எப்படிப்பட்டது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அதிகாலை, 'தானே' கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே மணிக்குச் சுமார் 140 கி.மீ. வேகத்தில் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை இன்னும் பேசுகிறோம். அன்று மேற்கூரை போன வீடுகளின் கணக்கைப் பேசுவது குறைவு. 2020 டிசம்பரில் 'புரெவி' காற்றாக அடிக்காமல் மழையாகக் கொட்டி, சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. 2024 நவம்பர் 30 இரவு 'ஃபெஞ்சல்' புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு, சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் பெருகி வந்து கடலூரின் ஆற்றோரத் தெருக்களை மூழ்கடித்தது. ஒருமுறை கூரை, இன்னொருமுறை தரை.

எந்தப் பாலிசி?

2021 ஏப்ரல் 1 முதல், வீடுகளுக்குத் தீ மற்றும் இயற்கைப் பேரிடர் காப்பீடு தரும் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிரஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான பாலிசியைத் தர வேண்டும் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவிட்டது. நிறுவனம் மாறினாலும் அடிப்படை விதிகள் மாறாது. பிரீமியம் மட்டும் வேறுபடும். இரண்டு மூன்று இடத்தில் கோட்டேஷன் கேளுங்கள்.

புயல், சூறாவளி, வெள்ளம், இடி மின்னல், நிலநடுக்கம், சுனாமி, தீ எல்லாம் இதில் உண்டு. மரம் விழுந்து ஏற்படும் சேதமும் உண்டு. ஆக, அந்தத் தென்னை விவகாரம் கவரில் வருகிறது. வராண்டா, போர்டிகோ, காம்பவுண்டு சுவர், கேட், தண்ணீர்த் தொட்டி, சோலார் பேனல்கூட 'வீடு' என்ற வரையறைக்குள் வரும். சமீபத்தில் மாடியில் சோலார் போட்டவர்கள் இதைக் கவனிக்கணும். கட்டடத்துக்கு எடுத்தால், வீட்டுச் சாமான்களுக்கும் கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்குத் தானாகவே கவர் கிடைக்கும். வீடு குடியிருக்க முடியாத நிலைக்குப் போனால், வேறு இடத்தில் தங்கும் வாடகையும் கேட்கலாம்.

இது எல்லாவற்றுக்குமான பாலிசி இல்லை. அதில் பட்டியலிட்ட ஆபத்துகளில் ஒன்றால் சேதம் நடந்திருக்க வேண்டும். சண்டை வருவது இங்கேதான்.

ஒழுகலா, புயலா?

சிதம்பரம் தேர் வீதிகளை ஒட்டிய பழைய ஓட்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டு ஓடு நழுவி, சட்டம் உளுத்து, மழைக்கு மழை முற்றத்தைச் சுற்றிப் பாத்திரம் வைப்பது பழகிப்போன வீடுகள். புயலன்று அதே இடத்தில் தண்ணீர் கொட்டினால், சர்வேயர் மேலே ஏறிப் பார்ப்பார். பழைய கறை, பாசி, உளுத்த மரம் கண்ணில் பட்டால், "இது நாள்பட்ட ஒழுகல்" என்று எழுத வாய்ப்பு அதிகம். பராமரிப்புச் செலவை இன்சூரன்ஸ் ஏற்காது. மொட்டை மாடித் தளம் விரிந்து கசிவதற்கும் இதே கதைதான்.

இதற்கு மாற்று, செப்டம்பரிலேயே ஓடு மாற்றும் ஆளைக் கூப்பிட்டு மேலே பார்க்கச் சொல்வது. வேலை முடிந்ததும் நாலு பக்கமும் மொபைலில் போட்டோ, வீடியோ எடுத்து, கூலி கொடுத்த ரசீதோடு குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். தேதியோடு அங்கேயே கிடக்கும். "போன மாசம்வரைக்கும் கூரை நல்லாத்தான் இருந்தது" என்று வாயால் சொல்வதைவிட அது ஆயிரம் மடங்கு பலம்.

அடுத்தது, என்ன கூரை என்பதை மறைக்காமல் சொல்வது. கீற்று, ஓலை, வைக்கோல், மூங்கில், தார்ப்பாய் போட்டிருந்தால் இன்சூரன்ஸ் மொழியில் அது 'கச்சா' கட்டுமானம். அதற்கு விதிமுறையும் பிரீமியமும் வேறு. வீடு கான்கிரீட், மாடியில் மட்டும் சிமென்ட் ஷீட்டோ தகர ஷீட்டோ என்றால் அதையும் விண்ணப்பத்தில் எழுதச் சொல்லுங்கள். பாலிசி எடுத்த பிறகு கட்டிய பகுதி, கார்பெட் ஏரியாவை 10 சதவீதத்துக்கு மேல் கூட்டியிருந்தால் அதற்குக் கவர் கிடையாது. முன்பக்கம் மளிகைக் கடை வைத்திருந்தால் அந்தக் கடைக்குத் தனிப் பாலிசி வேண்டும்.

இன்னொன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். பாலிசி மகன் பெயரில் இருக்கும். பணம் வாங்கும் நேரத்தில் 'இந்த வீட்டில் உங்களுக்கு என்ன உரிமை' என்ற கேள்வி வரும். எடுக்கும்போதே அதைச் சரிசெய்துவிடுங்கள். வீடு மாதக்கணக்கில் பூட்டிக்கிடக்கிறது என்றால், அதையும் எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது.

எவ்வளவுக்கு எடுப்பது?

மனை விலை இதில் சேராது. கார்பெட் ஏரியாவை, இன்று கட்டினால் சதுர அடிக்கு ஆகும் செலவால் பெருக்கினால் வருவதுதான் காப்பீட்டுத் தொகை. 1,000 சதுர அடி, அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்தால் 20 லட்சம்.

பழைய பாலிசிகளில் ஒரு கத்தி ஒளிந்திருந்தது. 20 லட்சம் பெறுமான வீட்டை 10 லட்சத்துக்கு மட்டும் எடுத்திருந்தால், 3 லட்சம் சேதத்துக்கு 1.5 லட்சம்தான் கிடைக்கும். பாதிக்குத்தானே எடுத்தாய் என்ற கணக்கு. பாரத் கிரஹ ரக்ஷாவில் அந்தக் கழிவு இல்லை, முழு 3 லட்சமும் கேட்கலாம். அதற்காகக் குறைத்து எடுக்காதீர்கள். வீடு முழுசாகப் போனால் 10 லட்சத்துக்கு மேல் நகராது. அதேபோல, ஓட்டுக் கூரை போனதைச் சாக்காக வைத்துக் கான்கிரீட் தளம் போட்டால், கூடுதல் செலவு உங்களுடையது.

மறுநாள் காலை

அப்பாவிடம் போனில் முதலில் சொல்ல வேண்டியது: "மேல ஏறாதீங்க, கரண்ட் கம்பி கிடக்கும்." பிறகு, கீழே நின்றபடியே வீடியோ. உடைந்த ஓடு, பறந்துபோய்த் தெருவில் கிடக்கும் ஷீட், விழுந்த மரம், நனைந்த பீரோ, சுவரில் தண்ணீர் நின்ற கோடு எல்லாம் வேண்டும். படம் எடுத்த பிறகு தார்ப்பாய் போட்டு மூடலாம், மூடவும் வேண்டும். சேதம் பெருகாமல் தடுப்பது பாலிசிதாரரின் கடமை. தார்ப்பாய் வாங்கிய பில் பத்திரம். சுத்தம் பண்ணுகிறேன் என்று ஓட்டுத் துண்டுகளை அள்ளி வாய்க்காலில் கொட்டிவிடாதீர்கள். சர்வேயர் வரும்வரை ஓரமாகக் குவித்து வையுங்கள்.

நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லணும். ஊரில் டவர் இல்லாவிட்டால் நீங்களே வெளியூரிலிருந்து மெயில் அனுப்பி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கிளெய்ம் படிவத்துக்கு 30 நாள். 2024 ஜூனில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, தகவல் சொன்ன 24 மணி நேரத்தில் சர்வேயர் நியமனம், 15 நாளில் அவர் அறிக்கை, அது வந்த 7 நாளில் நிறுவனத்தின் முடிவு. மாவட்டமே தண்ணீரில் இருக்கும்போது இது இழுக்கலாம்தான். ஆனால் இந்தக் கணக்கு தெரிந்து கேட்பவருக்கும் தெரியாமல் காத்திருப்பவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. காற்றே அடிக்கவில்லை என்று யாராவது சொன்னால், வானிலை ஆய்வுத் துறைக்குக் கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் நிலையங்கள் இருக்கின்றன. அன்றைய பதிவைக் காட்டலாம்.

அரசு நிவாரணம் தனிக் கணக்கு. வி.ஏ.ஓ. கணக்கெடுப்பில் பெயர் சேருகிறதா என்று பாருங்கள். ஆனால் அதை நம்பி மட்டும் இருக்க முடியாது. ஃபெஞ்சலுக்குப் பிறகு சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாயும், கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சியில் பாதிக்கப்பட்ட ரேஷன் அட்டைகளுக்கு 2,000 ரூபாயும் அறிவிக்கப்பட்டது. ஓட்டுக் கூரையைப் பிரித்துச் சட்டம் மாற்றிப் போட்டவர்களிடம் கேளுங்கள், அந்தப் பணம் எதுவரை வரும் என்று.

கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதணும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் ஒரு வருடத்துக்குள் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை எடுப்பார்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் இலவச எண் 155255. 'பீமா பரோசா' தளத்திலும் புகாரைப் பதியலாம்.

பாலிசி இன்னும் எடுக்காதவர்கள், வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானதும் போட்டுக்கலாம் என்று இருக்காதீர்கள். அந்த வாரத்தில் புதுப் பாலிசி தர நிறுவனங்கள் தயங்கும். ஏற்கெனவே உடைந்த ஓட்டுக்கு எப்படியும் பணம் கிடையாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போகும்போது அந்த லோன் ஃபைலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.