மஞ்சளைக் கேளுங்கள், சொல்லும்!



"அமிலம், காரமெல்லாம் ஸ்கூல் பிள்ளைங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். மகனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும்போதுதான், இதில் பாதி நம் அடுப்பங்கரையிலேயே இருப்பது புரிந்தது.

எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், புளியில் டார்டாரிக் அமிலம், தயிரில் லாக்டிக் அமிலம். புளிப்புக்குக் காரணமே இவைதான். பித்தளைக் குடம் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சிடுவதும், ஊறுகாயைப் பீங்கான் ஜாடியில் வைப்பதும் இதனால்தான். காரம் என்றதும் மிளகாயை நினைக்காதீங்க. அது வேற, இது வேற. சோப்புத் தண்ணீர், வாஷிங் சோடா, சுண்ணாம்பு, இவைதான் வேதியியல் சொல்லும் காரம்.

எது காரம் என்று கண்டுபிடிக்க மஞ்சள்தூள் போதும். குழம்புக் கறை பட்ட வேட்டியில் சோப்பு போட்டதும் கறை சிவக்கிறதே, பார்த்திருப்பீர்கள். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைப்பதும் இதே சூட்சுமம். சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகி விடும். லீவு நாளில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள்.

டென்மார்க் விஞ்ஞானி சோரன்சென் 1909-ல் இதை அளக்க 'பி.எச்.' என்ற கணக்கைக் கொண்டு வந்தார். சுத்தமான தண்ணீர் 7. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் இறங்கினாலே அமிலத்தன்மை பத்து மடங்கு கூடி விடும். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி இருக்கும். பாத்ரூம் கழுவும் ஆசிட் அதற்கும் வெகு கீழே!

ஆகவே சில விஷயங்களில் கவனமா இருங்க:

* ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்த்துக் கொட்டாதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலையே பாதிக்கும்.

* ஆசிட்டைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைக்கு அது கலர் பாட்டில்தான். தவறிக் குடித்து விட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வரும் வழியெல்லாம் மறுபடி புண்ணாகும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

* 'அமிலத்தைக் காரம் முறிக்கும்' என்பது உண்மைதான். அதற்காக ஆசிட் பட்ட தோலில் சோடா மாவைத் தடவாதீர்கள். இரண்டும் சேரும்போது சூடு கிளம்பும். துணியைக் களைந்து, குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் விடுங்கள்.

* வெற்றிலைச் சுண்ணாம்பு சாதாரணமில்லை. கண்ணில் பட்டால் உள்ளே ஊடுருவிப் பார்வையையே பறித்து விடும். பாட்டிமார்களே, டப்பாவை எட்டாத உயரத்தில் வையுங்கள். பட்டு விட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே டாக்டரிடம் போங்கள்.

இன்றே பாத்ரூம் அலமாரியை ஒரு தடவை திறந்து பாருங்கள். எந்த பாட்டிலில் என்ன இருக்கிறது என்று பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள். ஐந்து நிமிஷ வேலைதான்.

- ஓர் இல்லத்தரசி, தஞ்சாவூர்.