நாளிதழ்கள் மெலியும்போது நம் வழக்குகளுக்கு என்ன நேர்கிறது?

வன்கொடுமை வழக்குகளில் எங்களிடம் வரும் கோப்புகளின் மேற்பக்கத்தில் பல சமயம் ஒரு செய்தித்தாள் நறுக்கு இருக்கும். உள்பக்கத்தின் அடியில் வந்த, நான்கு அங்குலத்தைத் தாண்டாத செய்தி. ஊரின் பெயர் பிழையாக அச்சாகியிருக்கும். நடந்த தாக்குதல் ‘இரு தரப்பினரிடையே மோதல்’ என்று எழுதப்பட்டிருக்கும். ஆயினும் பாதிக்கப்பட்ட குடும்பம் அதை பிளாஸ்டிக் உறையில் இட்டுப் பாதுகாத்து வைத்திருக்கும். புகாருக்கு ரசீதுகூடத் தராத காவல் நிலையம், அந்த நறுக்கு வெளியான நாளன்றுதான் அவர்களை அழைத்துப் பேசியிருக்கும். அண்மை ஆண்டுகளில் வரும் கோப்புகளில் அத்தகைய நறுக்குகள் அருகிவிட்டன. அவற்றின் இடத்தில் ஒரு யூடியூப் இணைப்போ, யார் எடுத்தது என்று அறிய முடியாத வாட்ஸ்அப் காணொளியோ இருக்கிறது.

அச்சு ஊடகத்தின் வீழ்ச்சி பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். பொருளாதாரக் காரணம் எளிது. நாளிதழுக்கு வாசகர் கொடுக்கும் விலை அதன் காகிதச் செலவுக்கே போதாது. இதழை நடத்தியது விளம்பரம். அந்த விளம்பரம் கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் இடம்பெயர்ந்தது. ஏற்கெனவே தளர்ந்திருந்த நிறுவனங்கள் 2020-ஆம் ஆண்டின் கொரோனா முடக்கத்தில் பக்கங்களைக் குறைத்தன, பதிப்புகளை மூடின, ஆள்களை வெளியேற்றின. 1941-இல் தொடங்கப்பட்ட கல்கி அச்சிலிருந்து விலகி இணையத்துக்குப் போனது. மும்பை மிரர் நாளிதழ் அந்த ஆண்டின் இறுதியில் வார இதழாகச் சுருங்கியது.

இதற்காக நாம் கண்ணீர் வடிக்க வேண்டுமா? அந்தக் கேள்விக்கு முன்பாக, அந்த வீட்டில் நமக்கு என்றைக்காவது இடம் இருந்ததா என்று கேட்டாக வேண்டும். 1920-இல் அம்பேத்கர் மூக்நாயக் இதழைத் தொடங்கியபோது, கட்டணம் செலுத்தி அறிவிப்பு வெளியிட முன்வந்தும் திலகரின் கேசரி அதை ஏற்கவில்லை. 1996-இல் பத்திரிகையாளர் பி.என். உனியால், தமக்குத் தெரிந்த தலித் பத்திரிகையாளர் ஒருவரையேனும் காட்ட முடியுமா என்று தில்லியில் தேடிப் பார்த்தார். அரசு அங்கீகாரம் பெற்ற செய்தியாளர்கள் 686 பேரின் பட்டியலை வைத்துத் தேடியும் ஒருவரும் அகப்படவில்லை. 2006-இல் தில்லியின் 37 ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் நிலையில் இருந்த 315 பேரை ஆய்வு செய்தபோது, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. 2019-இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் வெளியிட்ட ஆய்வில் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன; தலித், பழங்குடியினர் எண்ணிக்கை அப்போதும் சுழியம்தான். இருபத்து மூன்று ஆண்டுகளில் நாடே மாறியது. செய்தி அறை மாறவில்லை.

அந்த அறையின் சாதிக்கும் அதிலிருந்து வெளிவந்த செய்திக்கும் தொடர்பு உண்டு. 2006 செப்டம்பர் 29 அன்று மகாராட்டிரத்தின் கயர்லாஞ்சியில் தலித் குடும்பம் ஒன்றின் நால்வர் கொல்லப்பட்டனர். தேசிய ஊடகங்கள் அதன் முழுப் பொருளை உணர ஏறத்தாழ ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் உண்மையறியும் குழுக்களும் இணையத்தில் எழுதிய தலித் இளைஞர்களும் ஊர் ஊராகச் செய்தியைக் கொண்டுசேர்த்துவிட்டார்கள். மக்கள் தெருவில் இறங்கிய பிறகே அது தலைப்புச் செய்தியானது.

நம் இதழ்களின் கதையோ வேறு. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தொடங்கிய பறையன் 1900 வரை வந்தது. அயோத்திதாசர் 1907-இல் சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழ’னைத் தொடங்கி, 1914-இல் மறையும் வரை நடத்தினார். மூக்நாயக் சில ஆண்டுகளே நீடித்தது. விளம்பரமின்றி, சந்தாவை நம்பி, ஒரு மனிதரின் உடல்நலத்தை நம்பி வாழ்ந்த இதழ்கள் இவை. எனவே ‘பத்திரிகை நெருக்கடி’ என்பது நமக்கு இந்த நூற்றாண்டில் வந்த புதுச் செய்தி அன்று. (இதழியல் வகுப்புகளில் இந்தப் பெயர்கள் எத்தனை இடங்களில் கற்பிக்கப்படுகின்றன என்று மாணவ நண்பர்கள் தங்கள் பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்க்கலாம்.)

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம்மை உள்ளே விடாத அந்தப் பத்திரிகை, தன் விருப்பத்தாலன்றி, நமக்குச் சில காரியங்களைச் செய்துகொண்டிருந்தது. அது மெலியும்போது அந்தக் காரியங்களும் நின்றுபோகின்றன.

முதலாவது, அரசை அசைப்பது. 1995-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 12-ஆம் விதி, மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் சம்பவ இடத்துக்கு நேரில் செல்ல வேண்டும் என்கிறது. சட்டத்தின் 4-ஆம் பிரிவு, கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியரைத் தண்டிக்கிறது. ஏட்டில் இவ்வளவு இருந்தும் களத்தில் நடப்பது என்ன என்பதை வழக்குகளோடு திரியும் எவரும் அறிவர்: மறுநாள் காலைப் பதிப்பில் செய்தி வந்தால் வாகனம் புறப்படும், வராவிட்டால் சமாதானப் பேச்சு நடக்கும். தேசிய பட்டியல் சாதியினர் ஆணையமும் மனித உரிமை ஆணையங்களும் தாமாக முன்வந்து எடுக்கும் விசாரணைகளுக்கு மூலம் பெரும்பாலும் நாளிதழ்ச் செய்திதான். 2020-இல் உத்தரப் பிரதேசத்தின் ஹாத்ரஸில், இறந்த தலித் பெண்ணின் உடலைக் காவல்துறை குடும்பத்தின் கையில் தராமல் நள்ளிரவில் எரித்தது. அங்கே கேமராவோடு நின்ற செய்தியாளர்களால்தான் அது வெளியே தெரிந்தது. அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு அச்செய்திகளின் அடிப்படையில் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த இரவில் அங்கே ஒருவரும் இல்லாதிருந்தால் நீதிமன்றத்தின் முன் எதுவும் வந்திராது.

அப்படி நிற்க ஓர் ஆள் வேண்டும். வட்ட அளவில் அந்த ஆள் பகுதிநேரச் செய்தியாளர். அவருக்கு நிலையான ஊதியம் அரிது. செய்திக்கு இவ்வளவு என்ற சிறு தொகையும், பிடித்துத் தரும் விளம்பரத்தில் கழிவும்தான் வருமானம். அந்த விளம்பரத்தைத் தருபவர் உள்ளூரின் ஆலை உரிமையாளர், கல்வி வணிகர், ஆதிக்கச் சாதிச் சங்கத்தின் நிர்வாகி. ‘இரு தரப்பு மோதல்’ என்ற சொற்றொடர் பிறக்கும் இடம் இதுவே. அது வெறும் மொழிப் பழக்கம் அன்று. தாக்கப்பட்டவர்மீதும் ஓர் எதிர்வழக்குப் பதிவாவதற்கு அது முன்னுரை. பத்திரிகையாளர் ஊதியத்துக்கான மஜிதியா குழுவின் பரிந்துரைகளை உச்சநீதிமன்றம் 2014-இல் உறுதி செய்தது. 2017-இல், ஒப்பந்தப் பணியாளருக்கும் அது பொருந்தும் என்றது. அந்தத் தீர்ப்புகளின் பயன் வட்டச் செய்தியாளர் வரை இறங்கவில்லை. நெருக்கடி வந்தபோது முதலில் வெட்டப்பட்டவரும் அவரே. ஊதியம் பெறும், நெஞ்சு நிமிர்த்தக் கூடிய ஒரு செய்தியாளர் நம் பகுதியில் இருப்பது நமக்கு உரிமைப் பிரச்சினை என்பதை நம் இயக்கங்கள் இன்னும் தொழிற்சங்கக்காரர்களின் கவலை என்றே நினைக்கின்றன. இது நம் குறை.

இரண்டாவது, பதிவு. 1954-ஆம் ஆண்டின் நூல், செய்தித்தாள் ஒப்படைப்புச் சட்டப்படி அச்சிடப்பட்ட இதழ்கள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட பொது நூலகங்களுக்கும் சென்றாக வேண்டும். ஐம்பது ஆண்டுக்கு முந்தைய கொடுமையைத் தேடி ஓர் ஆய்வு மாணவி கன்னிமாராவுக்குச் சென்று கட்டப்பட்ட தொகுதியைப் புரட்ட முடிவது இதனால்தான். யூடியூப் செய்திச் சேனல்களுக்கு அத்தகைய கடமை ஏதும் நடைமுறையில் இல்லை. புகார் வந்தால் காணொளி நீக்கப்படும். மிரட்டல் வந்தால் சேனலே மறையும். விசாரணை தொடங்க நான்கு ஆண்டுகள் ஆகும் வழக்கில், அந்த இணைப்பைத் திறந்தால் ‘இந்தக் காணொளி கிடைக்கவில்லை’ என்று வருகிறது.

இங்கே சட்டக் குறிப்பு ஒன்று தேவைப்படுகிறது. பலர் தவறாகப் புரிந்திருக்கிறார்கள். நாளிதழ்ச் செய்தி தன்னளவில் சாட்சியம் ஆகாது. லட்சுமிராஜ் ஷெட்டி எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 1988-இலேயே உச்சநீதிமன்றம் அதைச் செவிவழிச் செய்தி என்று சொல்லிவிட்டது. எழுதியவர் வந்து சாட்சி சொன்னால்தான் எடை. ஆயினும் அந்தச் செய்தி, எழுதியவர் யார், எந்த நாளில் எழுதினார் என்று காட்டுகிறது. சாட்சியைத் தேட ஒரு முகவரி கிடைக்கிறது. வாட்ஸ்அப் காணொளியில் அதுவும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்‌ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. கருவியைக் கையாண்டவர் ஒரு பகுதியிலும் வல்லுநர் மறு பகுதியிலும் கையெழுத்திட வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். பத்துப் பேர் கைமாறி, அழுத்திச் சுருக்கப்பட்டு வந்த காணொளிக்கு யார் கையெழுத்திடுவார்?

புதிய ஊடகம் நமக்குத் தந்ததை மறுப்பதற்கில்லை. ஆசிரியரின் அனுமதியின்றிச் சாதியின் பெயரைச் சாதி என்றே சொல்ல முடிகிறது. உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூடில் 2002-இல் தொடங்கிய கபர் லஹரியா, தலித் பெண்கள் உள்ளிட்ட கிராமத்துப் பெண்கள் எழுதி நடத்திய அச்சிதழ்; பின்னர் அவர்களே கைப்பேசியைக் கையிலெடுத்து அதை இணையத்துக்குக் கொண்டுசென்றனர். ஆனால் அவர்களிடம் பயிற்சி, ஆசிரியர் குழு, மாதச் சம்பளம் என்ற கட்டமைப்பு இருந்தது. கைப்பேசி மட்டுமே பத்திரிகை ஆகிவிடாது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான சிறுமியின் வீட்டு வாசலில் நின்று நேரலை செய்யும் ‘நம்மவர்’ சேனல்களையும் பார்த்துவிட்டோம். போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு அவருக்கும் பொருந்தும். பாதுகாப்பு நிலையும் வேறு: ஹாத்ரஸ் செல்லும் வழியில் 2020 அக்டோபரில் கைதான சித்திக் கப்பனுக்கு உச்சநீதிமன்றம் 2022 செப்டம்பரில்தான் பிணை அளித்தது. பின்னால் நிறுவனமோ சங்கமோ இல்லாத ஓர் ஊர்ப் பையனை எவ்வளவு காலம் உள்ளே வைக்க முடியும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே களத்துக்குச் செல்லும் தோழர்களிடம் நாங்கள் இப்போது கேட்பவை சில. எடுத்த காணொளியின் மூலக் கோப்பை அனுப்பிவிட்டு அழிக்காதீர்கள். அது பதிவான கைப்பேசியையே பத்திரப்படுத்துங்கள். நாள், நேரம், இடம், உடனிருந்தவர் ஆகியவற்றை அன்றிரவே கையால் எழுதிக் கையொப்பமிடுங்கள். முதல் நாள் செய்தியோடு நின்றுவிடாமல், சிறப்பு நீதிமன்றத்தில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருவர் சென்று பின்வரிசையில் உட்காருங்கள். நாளிதழ்களின் நீதிமன்றச் செய்தியாளர் அமர்ந்திருந்த இருக்கை அங்கே காலியாகவே இருக்கிறது.